‘கெட்’ வினையைப் பின்னாலிருந்து பிடியுங்கள்: ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்போக்கன் இங்கிலீஷ் கற்க வருகிறவர்களிடம் ‘கெட்’ என்றால் என்ன என்று கேட்டால் பெரும்பாலும் ‘பெறு’ என்றுதான் பதில் வரும். பள்ளிக்கூடத்து கைடில் அப்படித்தான் போட்டிருக்கும். அந்தப் ‘பெறு’வை மட்டும் வைத்துக்கொண்டு ‘ஐ காட் ஆங்க்ரி’, ‘கெட் அவுட்’, ‘ஐ காட் மை ஹேர் கட்’ மூன்றுக்கும் பொருள் சொல்லிப் பாருங்கள். கோபத்தைப் பெற்றேன் என்று முதல் வாக்கியத்தை ஒருமாதிரி ஒப்பேற்றலாம், இரண்டாவதில் வண்டி நின்றுவிடும்.

அகராதியைத் திறந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆக்ஸ்ஃபோர்டு பெரிய ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘செட்’ என்ற வினைக்கு 430 பொருள்கள் இருந்தன, பிறகு திருத்தியபோது ‘ரன்’ அதை முந்திக்கொண்டு 645க்குப் போய்விட்டது. ‘கெட்’ அந்தப் போட்டியில் முதல் பரிசு வாங்கவில்லை என்றாலும் வீட்டுப் பேச்சில் அதுதான் எங்கே பார்த்தாலும் நிற்கும். இப்படிப்பட்ட வினையைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் மூன்றாம் நாள் வெறுத்துவிடும்.

நாம் ‘அடி’ என்ற வினையை எப்படிக் கற்றுக்கொண்டோம் என்று யோசியுங்கள். சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறோம், கோயிலில் மணி அடிக்கிறார்கள், பழனிக்குப் போய் மொட்டை அடிக்கிறோம், பரீட்சையில் காப்பி அடிக்கிறார்கள், சித்திரையில் வெயில் அடிக்கிறது, பயல்கள் பஸ் ஸ்டாண்டில் நின்று சைட் அடிக்கிறார்கள். யாருக்கும் குழப்பம் வருவதில்லை, ஏனென்றால் ‘அடி’க்கு முன்னால் நிற்கும் சொல்லே பொருளை முடிவு செய்துவிடுகிறது. ‘கெட்’டும் அதே ரகம்தான். வித்தியாசம் என்னவென்றால், தமிழில் வினை கடைசியில் வருவதால் துப்பு முன்னாடியே கிடைத்துவிடும், ஆங்கிலத்தில் வினை முந்திக்கொண்டு வந்துவிடும், துப்பு அதன் பின்னால் வரும். ஆகவே ‘கெட்’ காதில் விழுந்தவுடன் பொருள் தேட வேண்டாம், அடுத்து என்ன வருகிறது என்று அரை நொடி பொறுங்கள். இந்த வழிகாட்டி முழுக்க அந்த அரை நொடியைப் பற்றியதுதான்.

படி 1: வடிவங்கள், உச்சரிப்பு

கெட், கெட்ஸ், கெட்டிங், காட். இறந்தகாலமும் காட், மூன்றாம் வடிவமும் காட். அமெரிக்கர்கள் மட்டும் மூன்றாம் வடிவத்துக்கு ‘காட்டன்’ என்பார்கள். அது அமெரிக்காக்காரன் கண்டுபிடித்தது என்று நினைக்க வேண்டாம், இங்கிலாந்தில் முன்பு வழக்கில் இருந்த வடிவம்தான், அங்கே மங்கிப்போய் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் பிழைத்துக்கொண்டது. ‘ஃபர்காட்டன்’ என்பதில் இங்கிலாந்திலும் அந்த வால் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘ஃபர்கெட்’ இதற்குச் சொந்தக்காரச் சொல், அதனால்தான். கெட் என்ற சொல்லே வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து குடியேறியது.

உச்சரிப்பில் நாம் செய்யும் ஒரே சேட்டை கடைசியில் ஒரு உகரம் சேர்த்து ‘கெட்டு’ என்பது. டகரத்தோடு நிறுத்துங்கள். அமெரிக்கர்கள் ‘கெட் அப்’ என்பதைச் சேர்த்துச் சொல்லும்போது அந்த ட் இளகி, ‘பாடம்’ என்பதில் வருகிற ட மாதிரி ஆகிவிடும், ‘கெடப்’ என்றே கேட்கும். கால் சென்டர் வேலைக்குப் போகிறவர்கள் இதைக் காதில் வாங்கிப் பழகுவது நல்லது.

படி 2: பின்னால் ஒரு பொருள் வந்தால்

இதுதான் கைடில் இருக்கும் ‘பெறு’. ஆனால் தமிழில் நாம் இதைப் பெறு என்று சொல்வதே இல்லை. கிடைக்கிறது, வருகிறது, வாங்குகிறோம், எடுத்து வருகிறோம் என்போம்.

‘ஐ காட் எ ஜாப்’ என்றால் வேலை கிடைத்தது. ‘ஐ காட் யுவர் மெசேஜ்’ என்றால் மெசேஜ் வந்தது. ‘ஐ காட் திஸ் சேரி இன் மதுரை’ என்றால் இந்தச் சேலையை மதுரையில் வாங்கினேன். ‘கெட் மீ எ ஜிகர்தண்டா’ என்றால் எனக்கு ஒன்று வாங்கி வா. கதவு தட்டும்போது ‘ஐ’ல் கெட் இட்’ என்றால் நான் போய்த் திறக்கிறேன், போன் அடிக்கும்போது அதையே சொன்னால் நான் எடுக்கிறேன். ‘கெட் எ கோல்டு’ என்றால் சளி பிடிப்பது. ‘ஐ டோன்ட் கெட் இட்’ என்றால் புரியவில்லை.

இதில் ஒரு தனி ஆள் இருக்கிறது, ‘ஹாவ் காட்’. ‘ஐ’வ் காட் டூ பிரதர்ஸ்’ என்றால் எங்கிருந்தோ இரண்டு அண்ணன்களை வாங்கி வந்தேன் என்றில்லை, எனக்கு இரண்டு அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள், அவ்வளவுதான். வெறும் ‘ஹாவ்’ சொன்னாலும் அதே பொருள். அமெரிக்கர் ‘ஹாவ் காட்டன்’ என்றால் மட்டும் அது இருப்பது அல்ல, கிடைத்தது.

படி 3: பின்னால் ஒரு நிலை வந்தால் ‘ஆகு’

டயர்டு, ஹங்க்ரி, ஆங்க்ரி, ரெடி, லேட், மேரீட் போன்ற சொல் பின்னால் நின்றால் ‘கெட்’ என்பது ஆகு. ‘ஷீ காட் மேரீட்’, அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. ‘கெட் ரெடி’, தயாராகு. கெட்டிங் என்று தொடர்ந்து நடப்பதாக வந்தால் தமிழில் அதற்கு அச்சாகப் பொருந்துவது ‘கொண்டு வருகிறது’. ‘இட்’ஸ் கெட்டிங் டார்க்’, இருட்டிக்கொண்டு வருகிறது. ‘ஹீ இஸ் கெட்டிங் பெட்டர்’, குணமாகிக்கொண்டு வருகிறது. பெரியாஸ்பத்திரி வாசலில் நின்று உறவுக்காரர்களுக்குப் போனில் நிலவரம் சொல்கிற எவரும் நாள் முழுக்கச் சொல்லும் வாக்கியம் இது.

மேரீட் பற்றி ஒரு குறிப்பு. ‘காட் மேரீட் வித்’ என்று நம் ஊரில் பலர் சொல்வார்கள், ‘டு’ என்பதுதான் சரி. அவளோடு கல்யாணம் என்ற தமிழ்தான் ‘வித்’தைக் கொண்டுவந்து நுழைக்கிறது.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. பின்னால் வருவது நிலைச்சொல்லாக இல்லாமல் ஆளாகவோ பதவியாகவோ இருந்தால் ‘ஆகு’ என்ற பொருள் ஓடாது. ‘ஐ வான்ட் டு கெட் எ டாக்டர்’ என்று ஒரு பிள்ளை இன்டர்வியூவில் சொன்னால், கேட்கிறவர் யாருக்கோ உடம்பு முடியவில்லை, டாக்டரைக் கூட்டிவரச் சொல்கிறது என்று பதறுவார். டாக்டர் ஆக, கலெக்டர் ஆக என்றால் ‘பிகம்’ போடுங்கள்.

படி 4: பின்னால் இடம் வந்தால் ‘போய்ச் சேர்’

மதுரை மாசி வீதிகளில் கையில் மேப்போடு சுற்றும் வெளிநாட்டுக்காரர் எவரும் கேட்பது ‘ஹவ் டு ஐ கெட் டு த டெம்பிள்?’ என்பதுதான். கோயிலுக்கு எப்படிப் போவது. ‘கோ’ என்பதும் ‘கெட்’ என்பதும் ஒன்றா என்றால் இல்லை. கோ என்றால் போவது, கெட் என்றால் போய்ச் சேர்வது. அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு ‘யூ கான்’ட் கெட் டு கோரிப்பாளையம்’ என்று சொன்னால், கிளம்பலாம், ஆனால் அந்தக் கூட்டத்தில் வண்டி கட்டிக்கொண்டு போய்ச் சேர முடியாது என்று அர்த்தம். அதனால்தான் நேரம் சொல்லும்போதும் கெட் வரும்: ‘வீ காட் டு மாட்டுத்தாவணி அட் ஃபைவ்’, அஞ்சு மணிக்கு வந்து சேர்ந்தோம்.

ஊர்ப்பெயருக்கு முன் டு வரும். ஹோம், ஹியர், தேர் மூன்றுக்கும் வராது. ‘கெட் டு ஹோம்’ என்பது தப்பு, ‘கெட் ஹோம்’ போதும்.

படி 5: ஏறுவதும் இறங்குவதும்

இந்தப் படியில் கொஞ்சம் நின்று போவோம், ஏனென்றால் நாம் எல்லோரும் மாட்டுகிற இடம் இதுதான்.

கண்டக்டர் ‘சிம்மக்கல் எல்லாம் இறங்கு’ என்கிறார். அதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் நம் வாயில் வருவது ‘கெட் டவுன்’. இறங்கு என்றால் கீழே வருவது, கீழே என்றால் டவுன், கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. இந்தியாவுக்குள் யாரிடம் சொன்னாலும் புரியும், எனவே நம்மூர் ஆங்கிலம் என்று வைத்துக்கொண்டால் குற்றமில்லை. ஆனால் லண்டன்காரரையோ சிகாகோக்காரரையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ‘கெட் டவுன்! கெட் டவுன்!’ என்று கத்தினால் அவர் இறங்க மாட்டார், சீட்டுக்கு அடியில் குனிந்துகொள்வார். துப்பாக்கிச் சத்தம் கேட்டால் போலீஸ்காரர் கத்துவது அதுதான்.

பஸ், ரயில், விமானம் எல்லாவற்றுக்கும் ஏற ‘கெட் ஆன்’, இறங்க ‘கெட் ஆஃப்’. கார், ஆட்டோ என்றால் ஏற ‘கெட் இன்’, இறங்க ‘கெட் அவுட்’. எதற்கு எது என்று ஞாபகம் வைக்க ஒரு சின்ன வழி: உள்ளே நிமிர்ந்து நிற்க முடிகிற வண்டிக்கு ஆன், ஆஃப். குனிந்து உள்ளே நுழைந்து உட்கார வேண்டியதற்கு இன், அவுட். சைக்கிள், பைக், குதிரை மூன்றும் மேலே ஏறி உட்காருகிற சாதனங்கள் என்பதால் அவையும் ஆன், ஆஃப்பிலேயே சேர்ந்துவிடும். ஷேர் ஆட்டோவில் எத்தனை பேர் தொங்கிக்கொண்டு வந்தாலும் இலக்கணப்படி அது இன், அவுட்தான்.

அப்படியானால் கெட் டவுன் எங்கேதான் வரும்? மரம், ஏணி, மதில், மேசை. மாங்கா மரத்தில் ஏறிய பையனைப் பார்த்து ‘கெட் டவுன்’ என்று தாராளமாகக் கத்தலாம்.

இன்னொன்று. ‘கெட் அவுட்’ என்பதை நாம் சினிமா பார்த்து ‘வெளியே போடா’ என்ற ஒரே பொருளில் பிடித்து வைத்திருக்கிறோம். காரிலிருந்து இறங்குவதும் அதுவேதான். ஆனால் விருந்தாளியிடம் தனியாக அந்த இரண்டு சொல்லை மட்டும் சொன்னால் விரட்டுகிற மாதிரிதான் இருக்கும். ‘யூ கான் கெட் அவுட் ஹியர்’ என்று நீட்டிச் சொன்னால் மரியாதையாகிவிடும், இங்கே இறங்கிக்கொள்ளலாம் சார் என்பது போல.

படி 6: ஆளை வைத்து வேலை வாங்குவது

புது மண்டபத்தில் தையல் மிஷின்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில், கோயிலுக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் அங்கே சட்டை தைக்கக் கொடுத்துவிட்டுச் சாமி பார்க்கப் போவார்கள். திரும்பி வந்து வாங்கிக்கொண்டு, ‘ஐ காட் எ ஷர்ட் மேட்’ என்பார்கள். இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன, வாக்கியம் மாறவில்லை.

நம் ஆட்கள் இதே இடத்தில் ‘ஐ ஸ்டிச்டு எ ப்ளவுஸ்’ என்பார்கள். கேட்கிறவர், பரவாயில்லையே, உனக்குத் தைக்கத் தெரியுமா என்று கேட்பார். ‘ஐ கட் மை ஹேர்’ என்றால் கண்ணாடி முன் நின்று நீங்களே வெட்டிக்கொண்டீர்கள். தமிழில் ‘முடி வெட்டிட்டு வந்தேன்’ என்றால் சலூனுக்குப் போனேன் என்று எல்லோருக்கும் தெரியும், ஆங்கிலம் அந்தச் சலுகையைத் தராது. கெட், அப்புறம் பொருள், அப்புறம் வினையின் மூன்றாம் வடிவம்: ‘ஐ காட் மை ஹேர் கட்’, ‘ஐ காட் எ ப்ளவுஸ் ஸ்டிச்டு’, ‘ஐ காட் த பைக் ரிப்பேர்டு’.

செய்தது யார் என்று சொல்ல வேண்டுமானால் வரிசை மாறும். கெட், ஆள், டு, வினை: ‘ஐ காட் த டெய்லர் டு ஸ்டிச் இட் பை ஈவினிங்’. இந்த டு முக்கியம். மேக், ஹாவ் இரண்டுக்கும் டு வராது. ‘மேக் ஹிம் ஸைன்’ என்றால் கழுத்தைப் பிடிக்காத குறையாகக் கையெழுத்துப் போட வைத்தது. ‘ஹாவ் ஹிம் ஸைன்’ என்றால் சொன்னால் செய்ய வேண்டிய ஆளிடம் சொல்லிச் செய்தது. ‘கெட் ஹிம் டு ஸைன்’ என்றால் பேசி, கெஞ்சி, நாலு தடவை நடந்து வாங்கியது. பட்டா மாறுதலுக்காக அலைந்தவர்களுக்கு இந்த மூன்றாவது வாக்கியம் விளக்கமே இல்லாமல் புரியும். ‘ஐ காட் த பட்டா ட்ரான்ஸ்ஃபர்டு’ என்றால் பட்டா மாறிவிட்டது என்கிற நல்ல சேதி. ‘ஐ ஃபைனலி காட் தெம் டு ட்ரான்ஸ்ஃபர் த பட்டா’ என்றால் அதற்குப் பின்னால் தேய்ந்த செருப்பும் சேர்ந்து தெரிகிறது.

இதே அமைப்பு விரும்பாமல் நடக்கிற விபத்துக்கும் வரும். ‘ஹீ காட் ஹிஸ் வேட்டி ஸ்டக் இன் த செயின்’, சைக்கிள் செயினில் வேட்டி மாட்டிக்கொண்டது. அவர் யாருக்கும் காசு கொடுத்து மாட்ட வைக்கவில்லை. வேலை வாங்கினதா, விபத்தா என்பதைச் சூழலை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

படி 7: படுவது

கெட்டுக்குப் பின்னால் நேராக மூன்றாம் வடிவம் வந்தால் அது செயப்பாட்டு வினை. ‘ஹீ காட் இன்ஜர்டு’, காயம்பட்டான். ‘ஐ காட் ஃபைன்டு’, ஹெல்மெட் போடாமல் போனதற்கு ஃபைன் போட்டார்கள். ‘ஷீ காட் செலக்டட்’, தேர்வாகிவிட்டாள். திடீரென்று நடந்தது, நல்லதோ கெட்டதோ நம் தலையில் வந்து விழுந்தது என்கிற தொனி இதில் இருக்கும்.

நிதானமாகத் திட்டமிட்டு நடந்த பெரிய காரியங்களுக்கு இதைப் போட்டால் இடறும். திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிக் காட்டுகிற கைடு ‘த பேலஸ் காட் பில்ட் இன் 1636’ என்று சொல்லக்கூடாது, ‘வாஸ் பில்ட்’. கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023இல் ‘வாஸ் ஓப்பன்டு’. பேச்சுக்குக் காட், செய்திக்கும் வரலாற்றுக்கும் வாஸ் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது.

படி 8: ‘காட் டு’ என்ற இரட்டையர்

இது சின்னது, ஆனால் விஷமமானது. ‘ஐ காட் டு ஸீ அழகர் திஸ் இயர்’ என்றால் இந்த வருஷம் அழகரைப் பார்க்கக் கொடுத்து வைத்தது. ‘ஐ’வ் காட் டு ஸீ அழகர் திஸ் இயர்’ என்றால் எப்படியும் பார்த்தே ஆகணும், இன்னும் பார்க்கவில்லை. நடுவில் இருப்பது ஒரு ‘வ்’ ஒலி மட்டும். பேச்சில் அந்த வ்-வையும் விழுங்கி ‘ஐ காட்டா கோ’ என்பார்கள், அப்போது ‘காட்டா’ என்று ஒட்டி வந்தாலே கட்டாயம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நிகழ்காலத்தில் இந்தக் குழப்பம் இல்லை. ‘ஐ கெட் டு’ என்றால் எப்போதும் வாய்ப்புதான்.

படி 9: ஒட்டிக்கொண்டு வரும் குட்டிச் சொற்கள்

அப், ஓவர், பை, த்ரூ, அவே, பேக் என்று இவை ஒரு பட்டாளமே உண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் விழுங்க வேண்டாம். வாழ்க்கையில் தினமும் இடிபடுகிறவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

‘கெட் அப்’ எழுந்திருப்பது. ‘கெட் அலாங்’ ஒத்துப்போவது, மாமியாரோடு ஒத்துப்போகிறதா இல்லையா என்பதற்கு ஆங்கிலத்தில் இதுதான். ‘கெட் பை’ கிடைக்கிறதை வைத்து ஓட்டுவது, மாசக் கடைசிக்கான வினை. ‘கெட் ஓவர்’ காய்ச்சலிலிருந்தோ காதல் தோல்வியிலிருந்தோ தேறி வருவது. ‘கெட் த்ரூ’ போன் லைன் கிடைப்பதும் பரீட்சையில் தேறுவதும். ‘கெட் ரிட் ஆஃப்’ தொலைத்துக்கட்டுவது. ‘கெட் அரௌண்ட் டு’ செய்யணும் செய்யணும் என்று தள்ளிப்போட்டு ஒருவழியாகச் செய்வது.

‘கெட் அவே’ தப்பித்து ஓடுவது. ஆனால் பின்னால் ‘வித்’ சேர்ந்து ‘கெட் அவே வித்’ ஆனால் கதை வேறு, தப்பு செய்துவிட்டுத் தண்டனை இல்லாமல் நழுவுவது. ஒருவழிப் பாதையில் எதிரே வந்து கையைக் காட்டிவிட்டுப் போகிறவர் ஓடவில்லை, ஒளியவில்லை, ஆனால் ‘ஹீ காட் அவே வித் இட்’.

‘கெட் பேக்’ திரும்பி வருவது. ‘வீ வில் கெட் பேக் டு யூ’ என்றால் பிறகு பதில் சொல்கிறோம். இலந்தைக்குளம் ஐடி பார்க்கில் இன்டர்வியூ முடித்து வெளியே வந்த யாரிடமாவது கேளுங்கள், அந்த வாக்கியத்தின் நடைமுறைப் பொருளை இலக்கணப் புத்தகத்தைவிடத் தெளிவாகச் சொல்வார்கள்.

படி 10: எங்கே நிறுத்த வேண்டும்

‘ஐ ஆம் நாட் கெட்டிங் யூ’ நம் நாட்டு ஆபீஸ்களில் தினமும் ஒலிக்கும். புரிதல் என்ற பொருளில் கெட்டிங் வராது, ‘ஐ டோன்ட் கெட் யூ’ அல்லது ‘ஐ டிட்ன்ட் கெட் தட்’. இதில் முதலாவது கொஞ்சம் முரட்டுத்தனம், மேலதிகாரியிடம் இரண்டாவதே நல்லது. ‘ஐ ஆம் கெட்டிங் 20,000 சாலரி’ என்பதும் அப்படித்தான், மாதாமாதம் வருவதற்கு ‘ஐ கெட்’. தலைவலி இப்போது இருக்கிறது என்றால் ‘ஐ ஹாவ் எ ஹெட்ஏக்’, அடிக்கடி வரும் என்றால் ‘ஐ கெட் ஹெட்ஏக்ஸ்’. ‘ஐ ஆம் கெட்டிங் ஹங்க்ரி’ மட்டும் சரி, ஏனென்றால் அது படி 3இல் பார்த்த ஆகிக்கொண்டு வருவது.

கடைசியாக, கெட் ஒரு பேச்சுச் சொல். பேங்க் மேனேஜருக்கு எழுதும் கடிதம், வேலை விண்ணப்பம், ஐஇஎல்டிஎஸ் கட்டுரை இவற்றில் அதைக் குறைத்து, பின்னால் வருகிற சொல்லைப் பார்த்து மாற்றுங்கள். பொருள் வந்தால் ரிசீவ் அல்லது ஆப்டெய்ன், நிலை வந்தால் பிகம், இடம் வந்தால் அரைவ், புரிதல் என்றால் அண்டர்ஸ்டாண்ட். அரைவ் போடும்போது டு வராது என்பதைக் கவனியுங்கள், ‘அரைவ்டு இன் மதுரை’, ஸ்டேஷன் என்றால் ‘அட்’. ஆனால் இந்த மாற்றத்தை எல்லா இடத்துக்கும் இழுத்துக்கொண்டு போக வேண்டாம். கூடப் படித்த மாப்ளைக்கு வாட்ஸப்பில் ‘ஐ ஹாவ் ரிசீவ்டு யுவர் மெசேஜ்’ என்று அனுப்பினால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கும், அங்கே ‘காட் இட்’ போதும்.